காப்பியை மறுத்த தாய்மாமன்

பால் ஒரு சொட்டு தொண்டைக்குள் இறங்கினால் என் இதயம் அந்த இடத்திலேயே நின்றுவிடும் என்று நான் நம்பினேன். பேச்சுக்காகச் சொல்லவில்லை. நாற்பத்தேழு வயதில், பி.ஏ. பட்டத்தோடு, மதராஸில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் பத்துப் பேரை மேய்த்துக்கொண்டிருந்த நான் மனப்பூர்வமாக நம்பினேன்.

அந்த நம்பிக்கை வந்த கதை சின்னது. அலுவலகத்து மூன்றாவது மாடிப் படியில் ஒருநாள் நெஞ்சைப் பிடித்தது. அங்கேயே உட்கார்ந்து, என் சாவுக்கு யார் யார் வருவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். வருகிறவர்கள் பட்டியல் திருப்தியாக இல்லை. பெரிய டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, "வாயு. கொஞ்சம் எடையைக் குறைங்க" என்றார். இத்தனை பெரிய பயத்துக்கு இவ்வளவு சின்ன வியாதியா என்று எனக்கு அவமானமாகப் போய்விட்டது. நேரே மாம்பலத்தில் இருந்த ஓர் இயற்கை வைத்தியரிடம் போனேன். அவர் நாக்கை நீட்டச் சொன்னார். பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சுக்கே நான் அவருடைய அடிமையாகிவிட்டேன்.

"மூணு மாசம். பால், தயிர், மோர், நெய், முட்டை, கறி, மீன் எதுவும் கூடாது. மண்ணுல வெளையறத மட்டும் சாப்பிடுங்க. தீட்டாத தானியம், காய், கனி, கீரை, கடலை. ஒரு சொட்டு பால் உள்ளே போனாலும் எல்லாம் பாழ்" என்றார்.

அவர் பாழாகும் என்றது பத்தியத்தை. நான் ஆளையே என்று எடுத்துக்கொண்டேன்.

நாற்பது நாள் பச்சைக் காரட்டும் முளைகட்டிய பயறுமாகப் போனது. தண்டனை என்று நினைத்துத் தின்றால் எதுவும் தண்டனைச் சோறுதான். என் மனைவி தினம் எனக்கு எதிரே உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்டாள். நாற்பதாம் நாள் அக்கா கூப்பிட்டனுப்பினாள்.

அக்காவுக்கு ஒரே மகன், பாஸ்கரன். அப்பா இல்லாத பையன். முப்பத்திரண்டு வயது, வங்கியில் வேலை. பார்த்த சம்பந்தமெல்லாம் ஏதோ ஒரு காரணத்தில் தட்டிப்போய்க்கொண்டிருந்தது. இப்போது தா.பழூர்ப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெண், பள்ளிக்கூட டீச்சர், ஜாதகம் பொருந்தியிருக்கிறது. தாய்மாமன் என்ற முறையில் நான் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

"ரெண்டே ரெண்டு விஷயம்" என்றாள் அக்கா. "காப்பி கொடுத்தா குடிச்சுடு. குடிக்காம எழுந்தா பெண்ணைப் பிடிக்கலேன்னு அர்த்தம். சாப்பிடச் சொன்னா மட்டும் சாப்பிடாதே. கை நனைச்சுட்டா வாக்கு கொடுத்தாச்சுன்னு அர்த்தம். நான் பார்க்காம வாக்கு கொடுக்கறதா இல்லை."

இந்த வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பேசி முடிக்கிறவரை பெண் வீட்டில் சோற்றில் கை வைக்கக் கூடாது, காப்பியோடு எழுந்துவிட வேண்டும். என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அங்கே குடித்தே ஆக வேண்டியது எனக்கு ஆகாது. எனக்கு ஆகக்கூடியதை அங்கே தொடக் கூடாது.

பஸ் ஏற்றிவிட வந்த பாஸ்கரன் என் பையை மேலே வைத்துவிட்டு ஜன்னல் ஓரம் வந்து நின்றான். கூச்சப்படுகிறவன், வாய் திறக்க இரண்டு நிமிஷம் ஆனது.

"மாமா, ஒரே ஒரு நாள்தானே. காப்பியைக் குடிச்சுடுங்க மாமா."

"என் பாடி வந்து சேரும், வாங்கி வச்சுக்க" என்றேன். அவன் சிரிக்கவில்லை. எந்தக் கல்யாணப் பேச்சிலும் அவன் வாய் திறந்து எதையும் கேட்டவன் இல்லை என்பது பஸ் நகர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

பெரம்பலூரில் இறங்கியபோது பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. அப்போது பெரம்பலூரும் சரி, அரியலூரும் சரி, திருச்சி ஜில்லாதான். தரகர் கோவிந்தராசுவுக்குப் பெரம்பலூர்தான் ஊர். மறுநாள் அவரோடுதான் கிளம்ப வேண்டும். முதல் நாள் சாயங்காலம் பசி தாங்காமல் ஓட்டல் ஒன்றில் நுழைந்தேன்.

சப்ளையர் வந்து நின்றார். "தோசைக்கு என்ன ஊத்துவீங்க?" என்றேன்.

"எண்ணெய்ங்க."

"நெய் வாசம் வருதே?"

"அது பக்கத்து டேபிளுங்க, ரோஸ்ட்டு."

"ரெண்டுக்கும் ஒரே கல்லா?"

சப்ளையர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒரே கல்லுதாங்க."

"சட்னியில தயிர் சேர்ப்பீங்களா? சாம்பாரை எதுல தாளிப்பீங்க?"

அவர் உள்ளே போனார். அடுத்த நிமிஷம் முதலாளியே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். என் தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றது. மேஜை இரண்டு தடவை துடைக்கப்பட்டது. "ஐயா சொல்லி அனுப்பியிருந்தா நாங்களே ஆபீசுக்கு வந்திருப்போமே" என்றார். சுகாதார இன்ஸ்பெக்டர் என்று நினைத்துவிட்டார். இல்லை என்று சொல்லச் சொல்ல, கெட்டிக்கார இன்ஸ்பெக்டர் என்று நினைத்தார். தனியாகக் கல் கழுவி, நல்லெண்ணெயில் வார்த்த தோசை வந்தது. உத்தியோகத்தில் இருபது வருஷம் இருந்தும் கிடைக்காத மரியாதையோடு சாப்பிட்டு வெளியே வந்தேன். அலுப்பில் விடுதி அறைக் கட்டிலில் செருப்போடு விழுந்தேன்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் கோவிந்தராசுக்காகக் காத்திருந்தேன். ஒரு புளியமரத்தடியில் ஓர் அம்மாள் பானை வைத்துக் கம்பங்கூழ் விற்றுக்கொண்டிருந்தார். மண்ணில் விளைந்தது, தீட்டாதது. கேட்டேன். அவர் உருண்டையைச் சொம்பில் போட்டு உடைத்து, பக்கத்துப் பானையில் கைவைத்தார்.

"மோர் ஊத்தாதீங்க!" என்று கத்தினேன். ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

"என்னாத்துக்குய்யா இப்புடிக் கத்துற? வெஷத்தையா ஊத்துனேன்?" என்றார் அந்த அம்மாள். "நெஞ்சு பகீர்னுது."

"எனக்கு மோர் ஆகாதும்மா."

"ஆவாதுன்னா ஆவாதுன்னு மெல்லச் சொல்றது. தண்ணி ஊத்திக் கரைச்சுத் தரேன். இந்தா, மோர்மொளவா."

"அதுவும் மோரு."

"ஓங்கூட ரோதனையாப் போச்சு. மாங்கா கடிச்சுக்குவியா? அது மரத்துல காய்க்கிறது."

கூழில் உப்பும், நறுக்கிய சின்ன வெங்காயமும் போட்டுக் கொடுத்தார். மதராஸில் நாங்கள் சின்ன வெங்காயம் என்று வாங்குவது வெங்காயத்தின் தூரத்து உறவு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இந்த ஊர் வெங்காயம் கடித்ததும் காரம் மூக்குக்கு ஏறியது. பின்னாலேயே ஓர் இனிப்பு மெதுவாக வந்தது. கூழ் குளிர்ந்து, லேசாகப் புளித்து, தொண்டையில் தடவிக்கொண்டு இறங்கியது. உப்பு தொட்ட மாங்காய்த் துண்டு. நாற்பத்திரண்டு நாளில் முதல் தடவையாக, பத்தியம் என்ற நினைப்பே இல்லாமல் சாப்பிட்டேன். இரண்டாவது சொம்பும் வாங்கினேன்.

"பாத்தா நோஞ்சான் மாரி இல்ல, நல்லாத்தான் குடிக்கிற" என்றார் அந்த அம்மாள்.

கோவிந்தராசு வந்தார். மஞ்சள் பை, வெற்றிலைச் சிவப்பு, ஐம்பது வயது. என் பத்தியத்தைச் சொன்னதும் வெற்றிலையைத் துப்பிவிட்டார்.

"சார், அந்த வூட்ல காப்பிய வேணாம்னு சொல்லிப்புட்டா பேச்சு அங்கயே முடிஞ்சிரும் சார். நாலு மாசமா நடையா நடந்து கொண்டாந்திருக்கேன்."

"ஒரு வாய் குடிக்கிற மாதிரி நடிச்சா?"

"நடிங்க, தெய்வமே."

அரியலூர் பஸ்ஸில் கல்லங்குறிச்சிப் பெருமாளுக்குப் போகிற கூட்டம். மூட்டை மூட்டையாகத் தானியம், சாமிக்கு நேர்ந்துகொண்டது. என் மடியில் ஒரு மூட்டை, காலடியில் ஒன்று. மதராஸ் பஸ்ஸில் காலை மிதித்தால் சண்டை வரும். இங்கே மிதித்தவரே, "ஒக்காந்துக்கங்க, ஏன் காலத் தொங்கப் போட்டிருக்கீங்க" என்று என்னைக் கண்டித்தார்.

பாதி வழியில் வண்டி நின்றது. பொட்டல். சாலையோரம் நாலு பனைமரம், சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிவிட்டுப் போன வெள்ளைப் புழுதி. டிரைவர் இறங்கி முன்பக்கம் திறந்து பார்த்துவிட்டு, அதை மூடிவிட்டு பீடி பற்றவைத்தார். இதிலிருந்தே நோயின் தன்மை விளங்கிவிட்டது.

"ஆம்பளையெல்லாம் எறங்கித் தள்ளுங்கய்யா" என்றார் கண்டக்டர்.

நான் ஜன்னலோரம் ஒட்டிக்கொண்டேன். "எனக்கு ஹார்ட்டு" என்றேன்.

"எல்லாருக்குந்தான் சார் இருக்கு" என்றார் கண்டக்டர்.

பஸ் முழுக்கச் சிரித்தது. வெட்கத்தில் இறங்கினேன். ஒரு கை பஸ்ஸிலும் ஒரு கை நெஞ்சிலுமாகத் தள்ளினேன். என் பக்கத்தில் தள்ளியவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். "நெஞ்ச வுட்டுட்டு ரெண்டு கையாலயும் தள்ளுங்க, அது எங்கயும் போயிராது" என்றார். ரெண்டு கையாலும் தள்ளினேன். வண்டியும் கிளம்பவில்லை, நெஞ்சும் நிற்கவில்லை.

வேறு பஸ் வர மூன்று மணி நேரம் ஆனது. யாரோ பனையேறி நுங்கு வெட்டிப் போட்டார். ஒரு பெண் வெள்ளரிப் பிஞ்சுக் கூடையை அவிழ்த்தார். சாமிக்குப் போகிறவர்கள் வறுத்த கடலையும் வெல்லமும் எடுத்தார்கள். யாரும் யாரையும் யார் என்று கேட்கவில்லை. நான் வைத்தியரின் பட்டியலை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன்: கனி, காய், கடலை. வீட்டில் தராசில் நிறுத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்ற அதே சாமான்கள். இங்கே புழுதியில் குந்தி உட்கார்ந்து, விரலால் நுங்கைத் தோண்டி உறிஞ்சினேன். தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. கோவிந்தராசு மட்டும் ஒரு பக்கமாக உட்கார்ந்து, "நல்லாச் சாப்புடுங்க, நாளைக்கி அங்க மட்டும் சாப்புட்றாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அன்று இரவு அரியலூரில் தங்கினோம். உடம்பெல்லாம் வெள்ளைத் தூசி, முதுகெல்லாம் வலி. கண்ணாடியில் பார்த்தால் பவுடர் பூசிய கூத்துக்காரன்.

மூன்றாம் நாள் தா.பழூர்ப் பஸ் எங்களை உதறி உதறிக் கொண்டுபோய் இறக்கியது. அங்கிருந்து இரண்டு மைல் நடை. அறுத்த வயல், கட்டாந்தரை. ஒவ்வொரு தப்படிக்கும் கோவிந்தராசு ஒரு புத்திமதி சொன்னார். நான் எனக்குள் ஒரு டம்ளரை வாய்வரை கொண்டுபோவதை ஒத்திகை பார்த்தேன். அரை வாய். உதடு மட்டும். பாஸ்கரன் முகத்தை நினைத்துக்கொண்டால் முடியும் என்று தோன்றியது.

ஓட்டு வீடு. பெண்ணின் அப்பா ராமசாமி வாசலுக்கே வந்து அழைத்தார். ஒல்லியான, நிதானமான மனிதர். பாய் விரித்தார்கள். மழை, விளைச்சல், மதராஸ் வெயில் எல்லாம் பேசினோம். உள்ளேயிருந்து காப்பி வாசனை வந்தது. பெண்ணின் அம்மா கொண்டுவந்து வைத்தார். டம்ளரில் ஒரு விரற்கடை நுரை.

"காலையில சொசைட்டிக்கு ஊத்தாம நிறுத்தி வச்ச பாலுங்க" என்றார் ராமசாமி. "எரும. தண்ணி கலக்கல. நாங்க எந்நாளும் கடுங்காப்பிதான். வரவங்களுக்குன்னு எடுத்து வச்சது."

இரண்டு எருமை வைத்திருந்தும் வீட்டுக்குப் பால் இல்லாமல் அத்தனையும் சொசைட்டிக்கு ஊற்றுகிற குடும்பம், எனக்காக நிறுத்தி வைத்த பால். டம்ளரை எடுத்தேன். வாய்வரை கொண்டுபோனேன். பாலாடை ஒன்று சுருங்கி என் பக்கமாக மிதந்து வந்தது. அவ்வளவுதான். நெஞ்சு படபட என்று அடித்தது, காது அடைத்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"நான் காப்பி சாப்பிடறதில்லைங்க."

கோவிந்தராசு தன் காப்பியைப் பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்த பார்வையில், நான் பஸ்ஸிலேயே செத்திருக்கலாம்.

"பாலாக் கொண்டாரட்டுங்களா?" என்றார் அந்த அம்மா.

"வேண்டாங்க. விரதம்."

"என்ன விரதம்ங்க?"

வியாதி என்று சொன்னால் சம்பந்தம் கெட்டுவிடும் என்று என் மூளை வேகமாக வேலை செய்தது. என் மூளை வேகமாக வேலை செய்தால் எனக்கு எப்போதுமே ஆபத்து.

"புதன் விரதம்."

"இன்னிக்கி வெசாழனுங்களே."

"நேத்து ஆரம்பிச்சது. இன்னும் முடியல."

உள்ளே யாரோ களுக்கென்று சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டது கேட்டது. பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாலு மட்டும் ஆவாதுங்களா? தயிரு, மோரு?"

"எதுவும் கிடையாதுங்க."

"முட்ட, கறி?"

"தொடறதில்லை."

"எத்தினி நாளாங்க?"

"நாப்பத்திமூணு நாளா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். புதன்கிழமை விரதம் நாற்பத்துமூன்று நாள் ஓடுவதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, என் முன்னால் இருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நல்லவேளை, நம்பிவிட்டார் என்று மூச்சு விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, "பஸ்ஸு நாலு மணிக்குத்தாங்க. ஒங்களுக்கு ஆவறதா ஆக்கியிருக்கேன். சாப்புட்டுட்டுப் போங்க" என்றார்.

"இல்லைங்க, பரவாயில்லைங்க" என்று அக்கா சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன். அதற்குள் அவித்த கடலை ஒரு முறம் வந்தது. கடலை சாப்பாடு ஆகாது. சோற்றில் கை வைத்தால்தானே வாக்கு என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டு வாதாடி, முறத்தைக் காலி செய்தேன். இளங்கடலை, தோலை அழுத்தினால் உப்புத் தண்ணீர் பீச்சியது. பசியை ஆற்றுவதற்குப் பதிலாகக் கிளப்பிவிட்டது.

பிறகு அடுப்பங்கரையிலிருந்து அந்த வாசனை வந்தது. முருங்கைக்கீரை, வரமிளகாய், நல்லெண்ணெய், பூண்டு. மூன்று நாள் பஸ்ஸில் குலுங்கிய வயிறு. இலை போட்டார்கள். வரகரிசிச் சோறு, பொலபொலவென்று, பழுப்பாக. கத்தரிக்காயும் மொச்சையும் போட்ட புளிக்குழம்பு. கீரையில் வறுத்த கடலையை இடித்துத் தூவியிருந்தார்கள். சுட்ட கத்தரிக்காயைப் பச்சைமிளகாயோடு பிசைந்த ஒன்று. சுரைக்காய்க் கூட்டு. ஒரு சொட்டு பால் இல்லை, நெய் இல்லை.

கோவிந்தராசு என் காதில், "வேணாம் சார், வேணாம் சார்" என்றார். பிறகு அவரே, "சரி, சாப்புட்டுருங்க, நம்மளுக்கும் நல்லதுதான்" என்றார். காப்பியால் கெட்டதைச் சோறு ஈடுகட்டிவிடும் என்று கணக்குப் போட்டுவிட்டார்.

கை வைத்தேன்.

அந்தச் சாப்பாட்டைப் பற்றி நான் என்ன சொன்னாலும் குறைதான். வரகுச் சோறு அரிசி மாதிரி வாயில் கரைந்து ஓடிவிடவில்லை. நின்று, மென்று தின்னச் சொல்லி, மெல்ல மெல்ல ருசியைக் கொடுத்தது. கீரையோடு பிசைந்தபோது கடலைத்தூள் பல்லில் பட்டு நெறுநெறுத்தது. குழம்பில் மொச்சை மெழுகாக வெந்திருந்தது. மூன்று தடவை சோறு வாங்கினேன். யாரோ கரண்டியால் போட்டுக்கொண்டே இருந்தார்கள். பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட கை. நான் இலையை விட்டுத் தலை நிமிரவில்லை.

கை கழுவியபோதுதான் பயம் வந்தது. அக்காவின் ஒரே மகனை மூன்று கரண்டி வரகுச் சோற்றுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். அக்கா பெண்ணைப் பார்க்கவில்லை. நாளைக்கு அக்கா வந்து வேண்டாம் என்றால், இந்த மனிதர்கள் ஊரில் எப்படித் தலைகாட்டுவார்கள்? கோவிந்தராசு வெற்றிலை மடித்துக்கொண்டே, "முடிஞ்சிது சார். இனி நாள் பாக்க வேண்டியதுதான்" என்றார். முகமெல்லாம் பல்.

நாலு மணிப் பஸ்ஸுக்கு ராமசாமி வழியனுப்ப வந்தார். கையில் ஒரு துணிப்பை, அதில் வரகரிசி. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு வாங்கக் கோவிந்தராசு பெட்டிக்கடைப் பக்கம் போனதும் நான் அவரை நிறுத்தினேன்.

"ஒரு விஷயம் சொல்லணுங்க. நான் சாப்பிட்டதை வச்சு வாக்கு கொடுத்துட்டதா எடுத்துக்காதீங்க. அக்கா இன்னும் பார்க்கலை. பசி, கை வச்சுட்டேன். தப்பு என்னோடது."

ராமசாமி சாலையில் பஸ் வருகிறதா என்று ஒருதரம் பார்த்தார்.

"நாங்க அப்புடி எடுத்துக்கலைங்க. நீங்க காப்பியக் கீழ வச்சப்பவே எங்க வூட்டுக்காரி உள்ள போயி இந்தச் சம்பந்தம் வேணாம்னு சொல்லிட்டா."

"ஏங்க?" என்றேன்.

"அவ அண்ணன் ஒருத்தர் இருந்தாருங்க. இதே மாரித்தான். பாலு ஆவாது, மோரு ஆவாது, கறி ஆவாதும்பாரு. ஏன்னு கேட்டா வெரதம்பாரு, யாரும் பயந்துறக் கூடாதுன்னு. வரகும் கீரையுந்தான் எறங்கும். ஒரு வருசம் இவதான் ஆக்கிப் போட்டா. போயிட்டாரு. பொறவு எங்க பெரிய பயலுக்கும் அது வந்துச்சு. பன்னெண்டு வயசு." அவர் பையைக் கைமாற்றிக்கொண்டார். "தாய்மாமன் ஒடம்பு மருமவனுக்கு வரும்னு அவ நெனைக்கிறா. அதான். சோறு சம்பந்தின்னு போடலைங்க. சீக்காளியாச்சேன்னு போட்டா."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு ஒரு வியாதியும் இல்லைங்க. டாக்டர் வாயுன்னுதான் சொன்னார். மத்ததெல்லாம் பயம். வெறும் பயம். பையன் கல்லு மாதிரி இருக்கான்."

"இருக்கட்டுங்க. நல்லா இருக்கட்டும்."

"நான் இப்பவே திரும்பி வரேன். அவங்க முன்னாலயே உட்கார்ந்து அந்தக் காப்பியைக் குடிச்சுக் காட்டறேன்." சொல்லும்போதே நெஞ்சு அடித்தது. அடித்தால் அடிக்கட்டும் என்றிருந்தது.

"பாலு சொசைட்டிக்குப் போயிருச்சுங்க" என்றார் ராமசாமி. "பஸ்ஸு வருது. ஒடம்பப் பாத்துக்கங்க."

பையை என் கையில் கொடுத்தார். பஸ் கிளம்பிய பிறகு கோவிந்தராசுவிடம் சொன்னேன். அரியலூர் வரை அவர் வெற்றிலையே போடவில்லை. இறங்கும்போது, "ஒரு வாய், சார்" என்றார். அவ்வளவுதான்.

மதராஸில் அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினாள். பாஸ்கரன் என்னோடு தெருமுனை வரை நடந்து வந்தான். "பொண்ணு எப்படி இருந்தா மாமா?" என்று கேட்டான்.

நான் பார்க்கவில்லை. வளையல் பச்சை என்பது தெரியும். சிரிப்பு தெரியும். கீரையில் கடலைத்தூள் எவ்வளவு என்பது தெரியும். முகம் தெரியாது. அப்படியே சொன்னேன்.

அவன், "சரி மாமா" என்றான்.

மூன்று மாதம் முடிந்து, அதற்கப்புறமும் நான் பாலைத் தொடவில்லை. பயம் போய் வெகுநாள் ஆகிறது. வரகும் கம்பும் கீரையும் ருசிக்காகவே சாப்பிடுகிறேன். என் மனைவிகூட வாரம் இரண்டு நாள் அந்தக் கத்தரிக்காய் மொச்சைக் குழம்பு வைக்கிறாள். அந்த அம்மா வைத்த மாதிரி வருவதில்லை.

அந்தப் பெண்ணுக்கு அடுத்த ஆவணியில் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ஆண்டிமடத்துக்காரர் என்று கோவிந்தராசு கார்டு போட்டிருந்தார். பாஸ்கரனுக்கு அதற்கப்புறம் மூன்று வருஷம் கழித்து, முப்பத்தாறாவது வயதில் ஆனது.